தடுமாறுற இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்க!

வருமானச் சான்றிதழுக்குப் போனில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வட்டம்' எது என்று கேட்கிறது. உங்கள் ஊர் நெட்டப்பாக்கம். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. காரணம், நெட்டப்பாக்கம் ஒரு கொம்யூன், அது வருவது பாகூர் வட்டத்தில். மண்ணாடிப்பட்டு கொம்யூனும் அப்படித்தான், வில்லியனூர் வட்டத்தில் வருகிறது.

"நம்ம ஊர் பேரைக் காணோமே, பாகூரைத் தொடலாமா?" என்று அப்போது மனசுல ஓடுறதை அப்படியே சத்தமாகச் சொல்ல வைப்பதுதான் 'உரக்கச் சிந்திக்கும்' சோதனை. கணினித் திரைகளைச் சோதிக்க இந்த முறையை 1982-ல் விளக்கி எழுதியவர் ஐ.பி.எம். ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸ்.

சோதிப்பவர் "இங்க தொடுங்க" என்று வழிகாட்டக் கூடாது. "இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டு, நீங்கள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்பது வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு.

இது உங்களுக்கு வைக்கும் பரீட்சை இல்லை, செயலிக்கு வைப்பது. "எனக்குப் போன் தெரியாது" என்று ஒதுங்கிவிட்டால் குறை அப்படியே இருக்கும். அடுத்தவரும் அங்கேயே நிற்பார். அதனால் கூச்சப்படாமல் சொல்லுங்க. ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் மட்டும் வாய்விட்டுச் சொல்லிடாதீங்க!