நாற்பதிலும் நடனம் பயிலலாம்

குழந்தை ஆடத் தொடங்கும்போது எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. மேள ஒலி காதில் விழுந்ததும் அதன் கால்கள் தாமே துள்ளுகின்றன. அக்குழந்தையே வளர்ந்து, மணம் முடித்து, மக்களைப் பெற்றபின், பங்குத் திருவிழாவில் கும்மியடிக்க அழைத்தால், "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்று தூணோரம் ஒதுங்கி நிற்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் மூட்டுகள் சற்று இறுகியிருக்கலாம். அவற்றினும் மிகுதியாக இறுகியிருப்பது மனம். பிறர் நகைப்பார்களோ என்னும் நாணமே, ஆடக் கற்க விழையும் பெரியவர்களின் முதல் தடை.

இந்நாணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவந்த வேளையில், தாவீது அரசர் ஆண்டவர் திருமுன் தம் முழு வலிமையோடும் ஆடினார் என்று சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. அப்போது அவர் இளைஞர் அல்லர். முப்பதாம் வயதில் அரசராகி, எபிரோனில் ஏழரை ஆண்டுகள் ஆண்ட பின்னரே அவர் எருசலேமில் ஆளத் தொடங்கினார் என்று அந்நூலே கணக்குத் தருகிறது. எனவே நாற்பதை நெருங்கியவர், அல்லது கடந்தவர். பலகணி வழியே அதைக் கண்ட அவர் மனைவி மீக்கால், அரசருக்கு இது தகுமோ என இகழ்ந்தாள். ஆண்டவருக்காக இன்னும் தாழவும் தாம் ஆயத்தம் என்பதே தாவீதின் மறுமொழி. அந்த ஏளனம் பகைவரிடமிருந்து வரவில்லை. சொந்த வீட்டிலிருந்தே வந்தது. இதைக் குடும்பத்தார் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், இளமையில் பரதம் பயின்றவர் அல்லர். மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஆர்வமுற்று, முதலில் மேலைநாட்டு பாலே நடனம் கற்றார். பின்னர், முப்பதை ஒட்டிய வயதில், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் பயின்றார். சதிர் என்ற பெயரால் அக்கலை இழித்துப் பேசப்பட்ட காலம் அது. 1935 டிசம்பரில் அடையாற்றில் அவர் மேடையேறியபோது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா தோன்றியது. சமூகத்தில் உயர்நிலையில் இருந்தவர், ஊரார் பழித்த ஒரு கலையை, அதைக் காத்துவந்த மரபினரிடமே பணிந்து கற்றார். வயது வந்தோர் கற்பதற்கு இப்பணிவே வாயில்.

நடனம் நம் திருச்சபைக்கு அயலானது என எண்ணவும் வேண்டா. 1977-ஆம் ஆண்டில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் திருச்சியில் நிறுவிய கலைக்காவிரி, விவிலிய நிகழ்ச்சிகளைப் பரதத்தின் வழியே மேடையேற்றி வந்துள்ளது.

அப்படியாயின், பெரியவர் எங்ஙனம் தொடங்குவது? குழந்தை கண்டதை அப்படியே செய்கிறது. பெரியவரோ, தாம் செய்வதைத் தாமே வேவு பார்த்துக்கொண்டு செய்கிறார். அதனால் மூச்சு அடங்குகிறது, தோள் உயர்கிறது, கண் தரையை விட்டு அகல மறுக்கிறது. இதற்கு மருந்து பரதத்தின் பயிற்சி முறையிலேயே உள்ளது. முதற்பாடமாகிய தட்டடவில் கைகளுக்கு வேலை இல்லை. அவை இடுப்பில் ஊன்றியிருக்க, பாதங்கள் மட்டுமே தரையைத் தட்டும். அது படிந்த பின்னரே நாட்டடவு. அங்கே குதிகால் ஊன்றிக் காலும் கையும் நீளும். ஒவ்வோர் அடவும் முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று விரைவு இரட்டித்து ஏறும். பெரியவர்கள் பொறுமையிழந்து மூன்றாம் காலத்துக்குத் தாவ முயல்வர். அது வேண்டா. முதலில் அமர்ந்தபடி சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளமிடுங்கள். பிறகு கால், பிறகு கை. ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வருந்துவதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் பயில்வதே உடலில் நன்கு பதியும்.

உடலுக்குக் கேடு வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைமண்டியில் முழங்கால்கள் பாத விரல்களின் திசையிலேயே விரிய வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்தால் மூட்டு வலிக்கும். இளையோர் அளவுக்குத் தாழ்ந்து அமர வேண்டிய கட்டாயமில்லை. சிமெண்டுத் தரையில் வலுவாகத் தட்டுவதைத் தவிர்த்து, மரத்தரையோ மண்தரையோ கிடைத்தால் அங்கே பயிலுங்கள். இதய நோயோ மூட்டு நோயோ உடையவர் முதலில் மருத்துவரைக் கேட்பது அறிவுடைமை.

பரதம் கடினம் என அஞ்சுவோர்க்குக் கும்மியும் கோலாட்டமும் உண்டு. வட்டமாக நின்று ஆடுவதால் எவரும் தனியே பார்வைக்கு இலக்காவதில்லை. அடி தவறினாலும் அடுத்தவரின் கைத்தட்டு நம்மைத் தாளத்துக்கு மீட்டுவிடும். ஆடல் பெண்களுக்கே உரியது என எண்ணும் ஆடவர் ஒயிலாட்டத்தை நினைக்கட்டும். கையில் துணியேந்தி வரிசையாக நின்று ஆடும் அது, ஆண்களுக்கே உரியதாக வழங்கிவந்த ஆட்டம்.

ஆடலால் வரும் நன்மை மகிழ்ச்சி மட்டுமன்று. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆராய்ந்து 2003-இல் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு சிந்திக்கத் தக்கது. அவர்கள் கேட்டறிந்த உடலியக்கப் பழக்கங்களுள், முதுமை மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புற்றிருந்தது நடனம் ஒன்றே. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. எனினும் தாளத்தை நினைவில் வைத்து, துணையோடு இசைந்து ஆடுவது உடலோடு அறிவுக்கும் பயிற்சி என்பது தெளிவு.

எனினும் இவை யாவும் கைகூடுவது வீட்டாரின் கையில் இருக்கிறது. மனைவி முதல் அடியைத் தயங்கி வைக்கும்போது கணவர் நகைத்தால் அந்த அடியோடு எல்லாம் முடியும். தந்தை தடுமாறும்போது பிள்ளைகள் கைகொட்டி எள்ளினால் அவர் மீண்டும் முயலமாட்டார். மாறாக, பள்ளியில் கற்றதை மகள் தாய்க்குக் கற்பிக்கட்டும். தாய் அவளிடம் பணிந்து கற்கட்டும். நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று அப்போஸ்தலர் பவுல் போதித்தார். ஆலயத்தில் செபம் எழுவதுபோல் ஆடலும் எழலாம் அன்றோ? வரும் திருவிழாவில் கும்மி வட்டம் கூடும்போது, தூணோரம் நிற்கும் ஒருவருக்கு உங்கள் அருகில் சற்றே இடம் விட்டு அழையுங்கள்.