உடைத்துப் பார்க்காத ஹெல்மெட்

ஒரு ஹெல்மெட் தலையைக் காக்குமா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள, அதை மோதி உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்ததை விற்க முடியாது. ஆக, கடையில் தொங்கும் எந்த ஹெல்மெட்டும் சோதிக்கப்பட்ட ஹெல்மெட் அல்ல. சோதிக்கப்பட்டது அதன் உடன்பிறப்பு. அப்படியானால் பின்பக்கம் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு என்ன பொருள்?

வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பது வெளி ஓட்டை. ஆனால் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல். மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லி விநாடிகளில் தலை படிப்படியாக நிற்கிறது. நசுங்கியது மீண்டும் எழாது. அதனால்தான் பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரியவைத்து, அச்சில் இட்டு ஒட்டவைத்துத்தான் தெர்மோகோல் செய்கிறார்கள். மணிகள் அதிகம் பொரிந்துவிட்டால் அடர்த்தி குறைந்து, ஒரே அடியில் முழுக்க நசுங்கிப்போகும். போதாமல் பொரிந்தால் கல்லாக இறுகி, அடியை அப்படியே மண்டைக்குக் கடத்தும். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைதான்.

ஆய்வகத்தில், உலோகத் தலையுருவுக்கு ஹெல்மெட்டை மாட்டி இரும்புப் பீடத்தின்மேல் விழவிடுவார்கள். தலையுருவுக்குள் இருக்கும் உணரி, தலை எவ்வளவு வேகமாக நிறுத்தப்பட்டது என்று அளக்கும். சூடாக்கியும் குளிரவைத்தும் நனைத்தும் இதைச் செய்வதுண்டு. தாடைப்பட்டைக்குத் தனிச் சோதனை. ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரநிலை கேட்பது இதைத்தான். இதற்கு உட்படாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முத்திரையை ஒட்டுவது அரசு அதிகாரி அல்ல, தயாரிப்பாளரேதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தொழிற்சாலையைப் பார்த்து, மாதிரிகளைச் சோதித்து உரிமம் தருகிறது. பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றைத் தானே சோதித்துப் பதிவு வைப்பது கம்பெனியின் கடமை.

இங்கே கணக்கு கொஞ்சம் மிரட்டும். நூற்றுக்குப் பத்து ஹெல்மெட் குறையுள்ளதாக வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்துச் சோதித்தால், ஐந்துமே தேறிவிட ஏறக்குறைய 59 சதவீத வாய்ப்பு உண்டு. யாரும் ஏமாற்றாமலே இந்த நிலை. ஏமாற்ற நினைத்தால் கேட்கவே வேண்டாம். ஜப்பானில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டைஹாட்சு, மோதல் சோதனைக்குக் கொடுத்த சில கார்களில் காற்றுப்பை உணரியால் விரியாமல் டைமரால் விரியும்படி செய்திருந்தது 2023 டிசம்பரில் அம்பலமானது. சோதனைக்குப் போன காரும் சாலைக்கு வந்த காரும் வேறு வேறு.

ஆகவே சான்றிதழைவிட அன்றாடக் கட்டுப்பாட்டுக்கே அதிக எடை தர வேண்டும் என்பேன். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் அதற்கான கருவி. முடிந்த பொருளைத் தேர்வு செய்வதைவிட, பொருள் உருவாகும் போக்கைக் கவனி என்பது அவர் வழி. ஹெல்மெட்டுக்கு இது அழகாகப் பொருந்தும். ஒரே அச்சில் வார்த்த தெர்மோகோலின் கன அளவு மாறாது; எனவே எடையைப் பார்த்தாலே அடர்த்தி தெரிந்துவிடும். உடைக்க வேண்டாம், ஒரு தராசு போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடைபோட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், கோடு ஒரு பக்கமாகச் சாயும்போதே நீராவியில் ஏதோ கோளாறு என்று புரிந்துவிடும். கெட்ட ஹெல்மெட் பிறப்பதற்கு முன்பே மெஷினை நிறுத்தலாம்.

இதையெல்லாம் வாங்குபவர் பார்க்க முடியாது. வெளியிலிருந்து நடக்கும் கண்காணிப்பில் வலுவானது, கடையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிப்பது; ஆய்வகத்துக்கென்று தனியாகச் செய்து அனுப்பும் தந்திரம் அங்கே எடுபடாது. அமைவனத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. போலி முத்திரைக்கு, அமைவனத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ, குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ விதிக்கலாம்.

வாங்குபவர் பார்க்கக்கூடியது இது: முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் தயாரிப்பாளரின் பெயரும், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் வரும். பெயர் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். அதே செயலியில் புகாரும் கொடுத்துவிடுங்கள்.