யந்திரமும் நாமும் – 11: நண்பகலில் நின்றுவிடும் குளிர்ச்சி

சென்ற வாரம் எஞ்சினின் உஷ்ணம் ரேடியேட்டரின் வழியாக வெளியேறும் விதத்தைப் பார்த்தோம். அந்த ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய தகடுகள் அடுக்கிய மற்றொரு பாகம் நிற்பதை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும், அதுதான் கண்டென்ஸர். குளிர்சாதனம் செய்யும் காரியமெல்லாம் வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து, இந்தக் கண்டென்ஸர் வரையில் கொண்டுவந்து, வெளிக்காற்றில் விட்டுவிடுவதுதான்.

கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்டுவது சகஜமான அரிஸோனா, டெக்ஸாஸ் முதலிய அமெரிக்க மாகாணங்களில், பண்ணைக்காரனுக்கும் கட்டட வேலைக்காரனுக்கும் பிக்கப் வண்டிதான் பகலெல்லாம் வாசஸ்தலம். அத்தகைய வண்டிகளில் வயதானவற்றைப் பீடிக்கும் ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. காலையில் புறப்படும்போது குளிர்ச்சிக்குக் குறைவே இராது; நண்பகலில், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, அனல் காற்று வீசும்; அந்தி சாய்ந்து எஞ்சினும் சற்று ஆறினால், யாரும் கை வைக்காமலே குளிர்ச்சி திரும்பிவிடும்.

இந்தப் புகாருடன் எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் முதலில் கேட்கும் வார்த்தை ‘கேஸ் குறைந்திருக்கும்’ என்பதே. ஆனால் அந்த வாயு பெட்ரோலைப்போல ஓட ஓடச் செலவாகும் வஸ்து அன்று. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் மேலும் நிரப்புவது வைத்தியமாகாது. தவிர, வாயு குறைந்த சாதனம் காலையிலும் தன் பலவீனத்தைக் காட்டிவிடும். நேரம் பார்த்து நோய்ப்படாது.

சந்தேகம் தீர வேண்டுமானால், வாயுவை அமுக்கும் கம்ப்ரஸரின் இரு பக்கத்து அழுத்தத்தையும் காட்டும் இரட்டை கேஜை மாட்டிப் பார்க்கலாம். 1990-களின் நடுவிலிருந்து பல வண்டிகளில் வழங்கிவரும் ஆர்-134ஏ என்ற வாயு, கேஜில் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு அழுத்தம் காட்டும்போது பூஜ்ய டிகிரியில் கொதிக்கிறது. ஆகையால் ஓடும் நிலையில் தாழ்ந்த அழுத்தப் பக்கத்து முள் 30-ஐ ஒட்டி நின்றால், வண்டிக்குள் வெப்பத்தைக் கவரும் கூலிங் காயில் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம். இரு முள்களும் தாழ்ந்திருந்தால் வாயுக் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்ஸரில் தூசி, அல்லது மட்டுமீறி வாயு நிரப்பிய அவசரம். தாழ்ந்த பக்கம் உயர்ந்தும் உயர்ந்த பக்கம் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. எஞ்சின் நின்றிருக்கும்போது பார்த்த அழுத்தத்தைக் கொண்டு மட்டும் வாயுவின் அளவைக் கணிக்க முடியாது. உள்ளே ஒரு துளி திரவம் மிஞ்சியிருக்கும் வரையில், 30 டிகிரி உஷ்ணத்தில் முள் 97 பவுண்டை ஒட்டியே நிற்கும்.

நம் வண்டியில் காலையில் இந்த அளவுகள் யாவும் சரியாகவே இருக்கும். அதனால்தான் பரீட்சையை, குளிர்ச்சி நின்றுபோன அந்த வேளையிலேயே செய்யவேண்டும். அப்போது பானெட்டைத் திறந்து பார்த்தால், கம்ப்ரஸரின் புல்லி பெல்ட்டோடு சுழன்றுகொண்டிருக்க, அதன் முகப்பிலுள்ள தகடு அசையாமல் நிற்பது தெரியும். அந்தத் தகட்டைப் புல்லியோடு சேர்க்கும் மின்காந்தக் கிளட்ச் பிடிக்கவில்லை. கிளட்சின் காயிலுக்குச் செல்லும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, அழுத்த ஸ்விட்ச் என்று பின்னோக்கித் தேடவேண்டும். மின்சாரம் வந்தும் தகடு ஒட்டவில்லையென்றால் குற்றம் கிளட்சினுடையதே.

1940-ஆம் வருஷத்து மாடலாக பக்கார்டு கம்பெனி முதன்முதலில் குளிர்சாதனக் கார்களை விற்றபோது இந்தக் கிளட்சே இல்லை. குளிர்ச்சி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்றவேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்த மின்காந்தக் கிளட்ச், ஓய்வின்றித் தகட்டைப் பிடித்தும் விட்டும் உழைப்பதால், உராய்வில் தேய்ந்து, தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டரை ஒட்டியிருக்க வேண்டிய இடைவெளி வருஷக்கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் வளர்ந்துவிடுகிறது. அத்துடன் கிளட்ச் காயிலின் செப்புக் கம்பியும் உஷ்ணத்துக்குக் கட்டுப்பட்டது: ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் தடை சுமார் 0.4 சதவீதம் ஏறுகிறது. காலையைக் காட்டிலும் 60 டிகிரி சூடேறினால் மின்னோட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குன்றும். காந்தத்தின் இழுப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். காலையில் அகன்ற இடைவெளியை எப்படியோ தாண்டி இழுத்த காந்தம், நண்பகலில் தோற்றுவிடுவதன் ரகசியம் இதுவே.

பரிகாரம் எளிது. எஞ்சினை நிறுத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சுற்றிலும் மூன்று இடங்களில் அளந்து, நடு போல்ட்டைக் கழற்றித் தகட்டை எடுத்தால், தண்டின் மேல் மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை நீக்கிப் பூட்டி, அந்த வண்டிக்குரிய அளவு வந்துவிட்டதா என்று மறுபடி அளக்கவேண்டும். இடைவெளி மிகவும் குறுகினாலும் தீங்குதான். தகடு உரசிக்கொண்டே ஓடிப் பொசுங்கிப்போகும். நீக்குவதற்கு ஷிம் மிஞ்சவில்லையென்றாலோ, முகப்பு நீலம் பாய்ந்து கருகியிருந்தாலோ கிளட்சையே மாற்றுவது உத்தமம். எவ்விதமாயினும் குழாய்களைத் திறக்கவோ, ஒரு துளி வாயுவை விரயம் செய்யவோ அவசியம் நேர்வதில்லை.

கிளட்ச் ஒழுங்காகப் பிடித்து, கேஜின் முள்களும் சரியாக நின்று, கூலிங் காயிலும் சில்லிட்டிருக்க, ஓட்டுநரின் முகத்தில் மட்டும் வெந்த காற்று வீசுவதும் உண்டு. டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருந்து சூட்டையும் குளிரையும் கலக்கும் ஒரு சிறு கதவே அதற்குக் காரணம். அதன் குறும்புகளை அடுத்த வாரம் விசாரிப்போம்.

(தொடரும்)