கண் இமை விழுந்தால் காத்திருக்க வேண்டாம்
(மடுவுக்கும் மன்னாருக்கும் போகிற குடும்பங்களுக்கு)

ஆகஸ்ட் 15ஆந் திகதி மடுத் திருவிழா. வருசா வருசம் நமது தோட்டங்களில் இருந்து பஸ் பிடித்து, சட்டி பானை, பாய், தலையணை எல்லாம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறோம். வேதக்காரர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் நேர்த்தி வைத்துப் போகின்றன. மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போகிறவர்களும் உண்டு. இது தவிர 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வன்னியிலும் மன்னார் பக்கத்திலும் குடியேறிய சொந்தபந்தங்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். கலியாணம், சாவு என்றால் போய் இரண்டு நாள் தங்கித்தான் வருகிறோம்.

அந்த மண் நமக்குப் புதிது அல்ல. கோப்பிக் காலத்தில் வந்த நமது பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்தவர்கள். ஆனால் மலையிலே பிறந்து வளர்ந்த நமக்கு, அந்தப் பக்கத்துப் பாம்பைப் பற்றித் தெரிந்தது குறைவு. முக்கியமாக ஒரு பாம்பைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் விஷம் முதலில் காட்டிக்கொடுப்பது கடித்த இடத்தில் அல்ல, கண்ணில்!

தோட்டத்தில் நமக்குப் பழக்கமானது குனகட்டுவா, அதாவது கோப்பி விரியன். கொழுந்து எடுக்கும்போதும் புல் வெட்டும்போதும் கையிலோ காலிலோ கொத்திவிடும். உடனே கடுக்கும், வீங்கும், சில வேளை தோல் கறுத்துப்போகும். அதனால் பாம்பு கடித்தால் வீங்க வேண்டும், வலிக்க வேண்டும் என்று நாம் மனதில் போட்டு வைத்திருக்கிறோம். வீக்கம் இல்லையென்றால் "விஷம் ஏறவில்லை" என்று சும்மா இருந்துவிடுகிறோம். மன்னார்ப் பக்கத்தில் இந்தக் கணக்குச் சரிவராது.

அங்கே கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் தெல் கரவலா. பளபளவென்ற கறுப்பு உடம்பில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும். வெப்பமான, வறண்ட, தாழ்ந்த நிலத்துப் பாம்பு இது. பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும். இரவில்தான் இரை தேடி ஊரும். பாயில் படுத்திருக்கிறவர் பக்கமாக ஊரும்போது அவர் புரண்டால், அல்லது கை அதன்மேல் பட்டால் கடித்துவிடும். பல் சிறியது. நுளம்பு கடித்தது போலத்தான் இருக்கும். பலர் விழித்துக்கொள்வதே இல்லை. காலையில் தேடினாலும் பல் அடையாளம் கண்ணுக்குப் படாது. எட்டு அடி வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான் என்று சொல்வதெல்லாம் கதை. விஷம் வேலை செய்ய ஓரிரு மணி நேரமும் ஆகலாம், ஏழெட்டு மணி நேரமும் ஆகலாம்.

இப்போது கண்ணுக்கு வருவோம்.

நமது ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறிய தசைகள் பிடித்திருக்கின்றன. மேலே பார்க்க, கீழே பார்க்க, பக்கம் திருப்ப அவைதான் இழுக்கின்றன. மேல் இமையைத் தூக்கி வைத்திருக்க வேறொரு தசை இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்ப்பதால்தான் நமக்கு உருவம் ஒன்றாகத் தெரிகிறது. ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் இரண்டிரண்டாகத் தெரியும். இந்தத் தசைகள் எல்லாம் மூளையிலிருந்து வரும் நரம்பின் சொல்லைக் கேட்டு வேலை செய்கின்றன. நரம்பின் நுனி தசையோடு ஒட்டிக்கொண்டு இருக்காது, இடையில் மிக மெல்லிய இடைவெளி உண்டு. நரம்பு நுனியில் சிறு சிறு பைகளில் ஒருவகை இரசாயனம் இருக்கிறது. மூளை "தூக்கு" என்றால் அந்த இரசாயனம் இடைவெளியில் கொட்டும், தசை சுருங்கும். பிரட்டுக் களத்தில் கங்காணி குரல் கொடுத்தால்தானே ஆட்கள் மலைக்குப் போவார்கள், அதைப் போல.

கட்டுவிரியன் விஷம் போய் உட்காருவது இந்த இடத்தில்தான். நரம்பு நுனியையே அது சிதைத்துவிடுகிறது. மூளை நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது, சொல் மட்டும் போய்ச் சேருவதில்லை. கண் தசைகளும் இமைத் தசையும் நாள் முழுக்க ஓயாமல் இயங்குபவை, மிக நுணுக்கமானவை. ஆகவே குறை முதலில் அங்கேதான் தெரிகிறது. இமை கனக்கும், பாதி மூடும். கண்ணைத் திருப்ப முடியாமல் போகும். பார்வை மங்கும், இரண்டாகத் தெரியும். அதற்குப் பிறகு முகம், நாக்கு, தொண்டை. பேச்சுக் குழறும், உமிழ்நீரை விழுங்க முடியாது. கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள்.

இமை விழுவதற்கு முன்பே வயிற்று வலி வருவதும் உண்டு. திருவிழாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். கண் சொருகுகிறவரைப் பார்த்துத் தூக்கக் கலக்கம் என்பார்கள். ஆம்பிளை ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். இப்படிப் போகிற இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உயிர் போகிறது.

நிலத்தில் படுத்து எழும்பிய ஒருவருக்கு வயிற்று வலியோ கண் கனமோ இருந்தால், பெரியவரோ பிள்ளையோ, இப்படிச் செய்து பாருங்கள். தலையை அசைக்காமல் மேலே கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இமை மேலே ஏறுகிறதா? உங்கள் விரல் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். கண் கூடவே வருகிறதா, விரல் ஒன்றாகத் தெரிகிறதா? நாக்கை முழுக்க நீட்டச் சொல்லுங்கள். படுத்தபடி தலையைத் தலையணையில் இருந்து தூக்கச் சொல்லுங்கள். இதில் ஒன்று முடியாவிட்டாலும் போதும், பாம்பைத் தேட வேண்டாம், பல் அடையாளம் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், பாம்பு கடித்ததாகச் சந்தேகம் இருந்தால் போகத்தான் வேண்டும்.

என்னத்துக்கு இவ்வளவு அவசரம்? ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைத்தான் பிடிக்கும். சிதைந்துபோன நரம்பு நுனியை அது திருப்பித் தராது. அது தானாகத்தான் வளர வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். அதுவரை மூச்சுக்கு இயந்திரம் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்த 210 கட்டுவிரியன் கடி நோயாளிகளை வைத்தியர் குலரத்ன கவனித்து எழுதியிருக்கிறார். அநேகமாக எல்லோரும் இரவில் நிலத்தில் படுத்திருந்தபோது கடிபட்டவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேரை மூச்சு இயந்திரத்தில் போட வேண்டி வந்தது. 16 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். அனுராதபுரம் மன்னாருக்குப் பக்கத்து மாவட்டம், காடும் வெயிலும் பாம்பும் ஒன்றுதான்.

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. விஷம் முழுதாக ஏறியவருக்குக் கண்ணைத் திறக்க முடியாது, விரலைக்கூட அசைக்க முடியாது. இமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி விரிந்தபடி நிற்கும், சுருங்காது. பார்க்கிறவர்கள் முடிந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அவருக்கு அறிவு இருக்கலாம், காது கேட்கலாம். நீங்கள் அழுவது, சவப்பெட்டி பற்றிப் பேசுவது எல்லாம் அவர் காதில் விழும்! கண்மணி சுருங்கவில்லை என்பதற்காகக் கைவிடாதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே கொண்டுபோங்கள். அவரோடு பேசிக்கொண்டு போங்கள்.

மடு மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடு மண் பாம்பு விஷத்துக்குக் காப்பு என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறோம், வீட்டுக்கும் எடுத்து வருகிறோம். அது அவரவர் விசுவாசம், அதில் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. மண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறலாம், மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மந்திரிக்கிறவரிடமும் பார்வை பார்க்கிறவரிடமும் போய் நேரம் போக்குவதுதான் ஆபத்து. அவர்களிடம் போய்ச் சுகமானவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பாம்பு கடிக்கும் எல்லா நேரமும் விஷத்தை இறக்குவதில்லை. 2012–13இல் நாடு முழுக்க வீடு வீடாகச் செய்த கணக்கெடுப்பின்படி, இலங்கையில் வருசத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, விஷம் ஏறுவது அதில் சுமார் 30,000 பேருக்கு. மற்றவர்கள் யாரிடம் போயிருந்தாலும், போகாவிட்டாலும், பிழைத்திருப்பார்கள்.

நாகமும் கண்ணாடி விரியனும் கடித்தாலும் இந்த நாட்டில் இமை விழுவதுண்டு. ஆனால் அவை கடித்த இடம் வீங்கி வலிப்பதால் ஆட்கள் தாமதிக்க மாட்டார்கள். மன்னார்த் தீவின் மணல் கரைகளில் சுருட்டை விரியன் இருக்கிறது, அது இரத்தத்தைத்தான் கெடுக்கும். மீன்பிடிக்கிற உறவினர் இருந்தால், வலையில் வருகிற கடல்பாம்பின் விஷமும் இதே மாதிரி இமையை விழுத்தும் என்று சொல்லி வையுங்கள். நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய மருந்து தரைப் பாம்புகளுக்கானது. ஆகவே எது கடித்தது, கடலிலா தரையிலா என்று வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

பாம்பே இல்லாமல் தோட்டத்திலும் இமை விழுவது உண்டு. காலையில் நன்றாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு, பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம் இமை தொங்குகிறது, எடை எழுதுவது இரண்டாகத் தெரிகிறது, சாப்பாட்டை மெல்ல முடியவில்லை. ஓய்வெடுத்தால் சரியாகிறது. இது சோம்பேறித்தனம் அல்ல. அந்த இரசாயனத்தை வாங்குகிற தசையின் இடத்தை உடம்பே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. 1963இல் தாய்வானில் சாங், லீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நமது கட்டுவிரியனின் இனத்துப் பாம்பொன்றின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை வைத்துத்தான் பிற்பாடு இந்த நோயில் எந்த இடம் பழுதாகிறது என்று கண்டுபிடிக்க முடிந்தது. மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று ஒரு கண் மட்டும் மூடிக்கொண்டால், அல்லது வாய் கோணி ஒரு பக்கக் கை கால் விழுந்தால், அது மூளை இரத்தக் குழாயின் கோளாறாக இருக்கலாம். கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

இந்த முறை மடுவுக்குப் பஸ் ஒழுங்கு செய்கிற தலைவர்மார், சீட்டுக் காசு சேர்க்கும்போதே இதையும் பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நுளம்பு வலை கொண்டுவரச் சொல்லுங்கள். வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாய்க்கு அடியில் செருகினால் நுளம்போடு பாம்பும் உள்ளே வராது. கட்டிலோ பலகையோ கிடைத்தால் பிள்ளைகளை அதில் படுக்க வையுங்கள். தறப்பாளுக்குப் பக்கத்தில் சோறு, கறி மிச்சம் கொட்டினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இரவில் வெளியே போக டோர்ச்சும் செருப்பும் வேண்டும். சிவராத்திரிக்குப் போகிறவர்கள் கண் விழிக்கிறார்கள், நல்லது. விடியப்போகிற நேரம் வெறும் தரையில் சாய்வதுதான் கூடாது.

யாருக்காவது கடி என்றால் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலைத் தடி வைத்து அசையாமல் கட்டி, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கயிறு போட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட வேண்டாம். பாம்பை அடிக்க ஓட வேண்டாம், கண்டால் தூரத்தில் நின்று போனில் படம் எடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிந்தும் என்றால் நமது பஸ்ஸிலேயே ஏற்றுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த மருந்துக்குக் காசு இல்லை. மன்னாரிலும் வவுனியாவிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மடுவில் இருந்து எதற்குச் சீக்கிரம் போகலாம் என்று சாரதியிடம் போய் இறங்கிய அன்றைக்கே கேட்டு வையுங்கள். இமை எத்தனை மணிக்கு விழத் தொடங்கியது என்பதைக் கடதாசியில் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.