படிவத்தில் எழுதும் உண்மை

ரத்ததான முகாமில் ஊசி குத்துவதற்கு முன் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, பச்சை குத்திக்கொண்டீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விகள் நீளும். பலரும் அதைச் சடங்காக நினைத்து மளமளவென்று டிக் அடித்துவிட்டுப் படுக்கைக்குப் போகிறார்கள். ஆனால் எங்கோ படுத்திருக்கும் நோயாளிக்கு, கொடுக்கப்போகும் 350 மில்லி ரத்தத்துக்குச் சமமாக இந்தப் பதில்களும் முக்கியம். இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தாக வேண்டும். என்றாலும், தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் கிருமி சோதனைக்குச் சிக்காமல் போகலாம். மருத்துவர்கள் 'ஜன்னல் காலம்' என்று சொல்லும் அந்த இடைவெளியில் நோயாளிக்கு இருக்கும் காவல், கொடுப்பவரின் நேர்மை மட்டுமே. யாருக்குப் போகிறது என்று தெரியாமல், கைம்மாறு எதுவும் கருதாமல் கொடுப்பவருக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. முகம் தெரியாதவருக்குச் செய்யும் உதவியை நாம் பண்பாகப் பார்க்கிறோம். ரத்த வங்கியில் அது பாதுகாப்புக் கருவியாகவும் வேலை செய்கிறது என்பதே என் வாதம்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-லேயே இதைச் சொன்னார். காசுக்கு ரத்தம் விற்பவருக்கு நோயை மறைப்பதில் லாபம் இருக்கிறது. அதனால் சந்தையில் வரும் ரத்தம் ஆபத்தானது என்பது அவர் கருத்து. இந்தியாவிலும் தொழில்முறையாக ரத்தம் விற்றவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது.

பணம் கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்களே, தட்டுப்பாடு தீருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், ரத்தக் கொடையாளராகச் சேர 50 குரோனர் தருவதாகச் சொன்னதும், முன்வந்த பெண்களின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகச் சரிந்தது. அந்தத் தொகையை அறக்கொடையாகத் தந்துவிடலாம் என்றதும் பழையபடி உயர்ந்தது. ஆண்களிடம் இப்படி ஒரு தெளிவான மாற்றம் தெரியவில்லை. சுவிட்சர்லாந்திலோ லாட்டரிச் சீட்டு கொடுத்தபோது ரத்தம் கொடுத்தவர்கள் கூடினார்கள். ஆகவே, ஊக்கப் பரிசு எல்லாமே கெடுதல் என்று சொல்ல ஆதாரம் இடம் தராது. அமெரிக்காவில் பிளாஸ்மா கொடுப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள். ஆனால் அந்தப் பிளாஸ்மாவிலிருந்து மருந்து தயாரிக்கும்போது வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் கிருமிகளை அழிக்கிறார்கள். நோயாளிக்கு நேரடியாக ஏற்றும் சிவப்பணுக்களுக்கு அப்படியொரு வழி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. காசு எங்கே ஆபத்து, எங்கே அவ்வளவாக இல்லை என்பதை இந்த வித்தியாசமே காட்டிவிடுகிறது.

கொடுப்பவருக்கும் ஒரு மனநிறைவு கிடைக்கிறதே, அதுவும் சுயநலம்தானே என்பார்கள் சிலர். கிடைக்கட்டும். அந்த நிறைவுக்காகப் படிவத்தில் யாரும் பொய் எழுத வேண்டியதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 'பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க' என்று நோயாளியின் குடும்பத்தாரை அனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் ஒழியவில்லை. மாமனாரின் அறுவை சிகிச்சைக்காக, உறவினர்கள் சூழ நிற்கும் இளைஞன் தன் அந்தரங்கத்தை அந்தப் படிவத்தில் எப்படி எழுதுவான்? யாருக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிவதே அவன் வாயைக் கட்டிவிடுகிறது. முகாமுக்குத் தானாக வருபவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும், 'என் ரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்' என்று தொலைபேசியில் சொல்ல பல நாடுகளின் ரத்த வங்கிகள் வழி வைத்திருக்கின்றன. அப்படி ஓர் அழைப்பு வந்தால் அந்தப் பையை எடுத்து அப்புறப்படுத்திவிடுவார்கள். அதனால் தப்பித்த நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.