சாரையும் அதன் குட்டியும்



பதுளை, பசறை, தெமோதரைப் பகுதித் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும்போதும் கான் துப்புரவு செய்யும்போதும் பாம்பு வெளிப்படுவது புதுமையன்று. கண்டவுடன் அடிப்பதே நம்மவரின் வழக்கம். அடிபடுவனவற்றுள் நஞ்சில்லாத சாரையும் ஒன்று. சாரையை அறியாதவர் யார் என்று கேட்பீர்கள். முதிர்ந்த சாரையை அறிவோம். குட்டியை அறிந்தவர் சிலரே. இரண்டுக்கும் உடை வேறு.

முதிர்ந்த சாரை ஆறேழு அடி வளரும். மேனி மஞ்சள் கலந்த தவிட்டு நிறமாகவோ, கரும்பழுப்பாகவோ இருக்கும். உடலின் பிற்பாதியிலும் வாலிலும் கரிய கோடுகள் வலைபோற் பின்னியிருக்கும். முட்டையை விட்டு வரும் குட்டியோ ஓர் அடிக்குச் சற்று அதிகம். அதன் நிறம் சாம்பலும் பசுமையும் கலந்தது. உடலின் முற்பாதியில் வெளிர்நிறக் குறுக்குப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கிவிடும்.

அப்பட்டைகளே குட்டிக்குப் பகை. எண்ணெய் விரியன் எனப்படும் கட்டுவிரியனுக்கும் பட்டைகள் உண்டல்லவா? உவா மாகாணத்தில் மொனராகலைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் வாழும் அவ்விரியன் பளபளக்கும் கருநீல நிறத்தது. மெல்லிய வெண்பட்டைகள் வால்பக்கமே தெளிவாகத் தெரியும். அதன் கண் மிகச் சிறியது. மேனியின் கருமையில் மறைந்துவிடும். சாரையின் கண்ணோ, குட்டியாயினும் முதிர்ந்ததாயினும், பெரியது, பாவை வட்டமானது. உதட்டுச் செதில்களின் ஓரங்களில் மைக்கோடு இழுத்தாற்போற் கரிய வரிகளும் இருக்கும். விரியன் இரவில் நடமாடுவது. சாரை பகலில் இரை தேடுவது.

நாகத்தோடு மயங்குவது வேறு வகை. படம் விரிக்காத நாகம் தொலைவில் சாரைபோலவே தோன்றும். சினந்த நாகம் கழுத்தை அகல விரிக்கும். மடக்கப்பட்ட சாரையோ கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, தொண்டையைப் புடைத்து, உறுமும். நாகமும் சாரையும் பிணையும் என்பது பழங்கதை. முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகளே. சாரையின் வாலில் நஞ்சு என்பதும் அத்தகைய கதைதான்.

லயத்தைச் சுற்றி எலி பெருகினால் மரக்கறித் தோட்டம் மட்டுமா கெடும்? எலியின் சிறுநீரால் நீரிலும் சேற்றிலும் பரவும் எலிக்காய்ச்சல் உயிரையே பறிக்கவல்லது. வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கும் சாரையை அடித்துவிட்டு எலிப்பொறி வாங்குவது என்ன கணக்கோ!

ஆயினும் அடையாளம் பார்க்கவென்று அருகில் குனியவேண்டாம். எட்ட நின்று பார்த்துத் தெளியாவிட்டால் விலகிப் போக விடுங்கள். கடித்தது சாரைதான் என்று பிறர் சொன்னாலும், கட்டுப் போடாமல், கீறாமல், கடியுண்ட அங்கத்தை அசைக்காமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.