காதைத் திறந்து வைத்துக்கொண்டே மீட்டிங்: எலும்புவழி ஹெட்செட் பற்றிச் சில குறிப்புகள்

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். நான் மாடி அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். காதில் சத்தத்தைத் தடுக்கும் இயர்பட். அப்பா நெஞ்ச புடவையைக் குடுக்க சொசைட்டிக்குப் போயிருந்தார். கீழே அம்மா மட்டும். அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர். அன்னைக்கு மருந்து போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப் போட்டதில் சர்க்கரை இறங்கிப் போச்சு. வேர்த்து, கை நடுங்கி, சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை. எனக்குக் கேட்கவே இல்லை. எதிர்வீட்டு அத்தை காதில் விழுந்து, ஓடிவந்து சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்காங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்டது, மாடிப்படிக்கு மேலே இருந்த எனக்குக் கேட்கலை.

அந்த இயர்பட் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. வெளிச்சத்தத்தைத் தடுக்கிறதுதான் அதோட வேலை, அதை ஒழுங்கா செஞ்சுது. வீட்டுக்கு ஒத்துவராத பொருளை நான்தான் வாங்கியிருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தேடிப் படிச்சு, கடையில் போட்டுப் பார்த்து, எழுதி வெச்ச குறிப்புகள்தான் இது. பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் தறிச்சத்தத்துக்கு நடுவே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்க இப்போ நிறைய பேர். அவங்களுக்கு உதவலாம்.

முதலில் ஒரு சின்ன சோதனை. ரெண்டு காதையும் விரலால் அடைச்சுக்கிட்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்க. சத்தம் குறையாது, கூடும். காது வழியா இல்லாமல், மண்டை ஓட்டின் அதிர்வு வழியாகவே உங்க குரல் உள்காதுக்குப் போகுது. ரெக்கார்ட் செஞ்ச நம்ம குரல் நமக்கே அந்நியமா தோணுவதும் இதனாலதான். பேசும்போது நம்ம குரலைக் காற்று வழியாவும் எலும்பு வழியாவும் சேர்த்துக் கேட்கிறோம். ரெக்கார்டில் காற்று வழி மட்டும்தான் இருக்கு.

எலும்புவழி ஹெட்செட் இதைத்தான் பயன்படுத்துது. காதுத் துளைக்கு முன்னால், கன்ன எலும்பு மேல ஒரு அதிர்வுப் பொத்தான் உட்காரும். அதன் அதிர்வு நேரா உள்காதில் இருக்கிற நத்தைக்கூட்டுக்குப் போகும். காதுத் துளை திறந்தே இருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. காது டாக்டர் இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வெச்சு, அப்புறம் காதுக்கு முன்னால் பிடிச்சு, 'எது நல்லா கேட்குது?'ன்னு கேட்பாரே, அந்த ரின்னே சோதனை 1855-இலிருந்து இருக்கு. உள்காது பற்றிய ஆய்வுக்காக 1961-இல் நோபல் வாங்கின பெக்கேசி, எலும்பு வழியா வர்ற ஒலியைக் காற்று வழியா வர்ற ஒலியால் ரத்து செய்ய முடியும்னு 1930-களிலேயே காட்டினார். எந்த வழியா வந்தாலும் நத்தைக்கூட்டில் நடக்கிறது ஒண்ணுதான்னு இதிலிருந்து தெரியுது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கடையில் 'ஓப்பன் இயர்' என்று கேட்டால் ரெண்டு வகையைக் காட்டுவாங்க. ஒண்ணு எலும்புவழி. இன்னொண்ணு காதுக்கு வெளியே ஒரு குட்டி ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, காற்று வழியாவே சத்தம் அனுப்புறது. ரெண்டாவது வகையில் பாட்டு நல்லா இருக்கும், கன்னத்தில் குறுகுறுப்பும் இருக்காது. எலும்புவழியில் அடிநாதம் மெலிசாத்தான் வரும். சத்தத்தைக் கூட்டினா கன்னம் அதிரும். ஆனா நமக்கு வேண்டியது பாட்டு இல்லை, பேச்சு. பழைய டெலிபோன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்புச்சு, அதிலேயே ஊர் உலகமெல்லாம் பேசிக்கிட்டது. எலும்புவழி ஹெட்செட்டுக்கு அந்த வீச்சு சுலபம். காதில் சீழ் வடியிறவங்க, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவங்களுக்கும் காதுக்குள்ளே எதையும் திணிக்காத இந்த வகை வசதி. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாம். நரம்புவழிக் காது மந்தத்துக்கு மட்டும் இது தீர்வு இல்லை. நத்தைக்கூடே பழுதா இருந்தா எந்த வழியா அனுப்பியும் பயனில்லை.

இப்போ நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற விஷயத்துக்கு வர்றேன். எலும்புவழி என்பது கேட்கிற பக்கத்துக்கு மட்டும்தான். பேசுற பக்கத்தில் இருக்கிறது பெரும்பாலும் சாதாரண மைக்தான். 'எலும்பு வழியா பேசுறதால தறிச்சத்தம் அவங்களுக்குப் போகாது'ன்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட சொன்னார். போகும். நல்லாவே போகும்.

மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பதைத்தான் பார்க்கணும். ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் செஞ்ச மாடல்களில் மைக் காதோரம் இருக்கும், வாயிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ. ஆபீஸுக்குன்னு செஞ்சதில் ஒரு தண்டு நீண்டு வந்து வாய்க்கு 3 செ.மீ. கிட்டே நிற்கும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 12-இலிருந்து 3 என்பது ரெண்டு தடவை பாதி, ஆக 12 டெசிபல். கீழே அப்பாவோட தறிக்கு அந்த 9 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை, அதோட சத்தம் அப்படியேதான் இருக்கும். அதனால் மென்பொருள் எதுவும் தொடுறதுக்கு முன்னாலேயே குரலுக்கும் தறிக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி கிடைச்சுடுது. மின்விசிறி மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சலை மென்பொருள் சுலபமா கழிச்சுடும். பலகை அடிக்கிற சத்தமும் நாடா போய் முட்டுற சத்தமும் விட்டு விட்டு வரும், அதுதான் கஷ்டம். அதனால் தண்டு மைக் இல்லாத மாடலை ஆபீஸ் வேலைக்கு வாங்காதீங்க.

உதாரணத்துக்கு ஒரே கம்பெனியின் ரெண்டு மாடல். ஷாக்ஸ் ஓப்பன்ரன் 26 கிராம், 8 மணி நேரம் ஓடும், தண்டு கிடையாது. அதே ஷாக்ஸின் ஓப்பன்காம்2 35 கிராம், 16 மணி நேரம் பேசலாம், தண்டு மைக் உண்டு. முதலாவது ஓடுறவங்களுக்கு, ரெண்டாவது பேசுறவங்களுக்கு. வேற கம்பெனி வாங்கினாலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க.

அடுத்தது ப்ளூடூத். பாட்டு கேட்கும்போது நல்லா இருந்தது, மீட்டிங் தொடங்கினதும் கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி ஆயிடுதா? ஹெட்செட் கெட்டுப் போகலை. மைக் தேவைப்பட்டதும் ப்ளூடூத் பாட்டு முறையை விட்டுட்டு, தொலைபேசி முறைக்கு மாறிடுது. அதில் பழைய கோடெக் நொடிக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும். அதற்கடுத்து வந்த எம்எஸ்பிசி 16,000 எடுக்கும். பெட்டியில் 'வைட்பேண்ட்' ஆதரவு இருக்கான்னு பாருங்க. யுஎஸ்பி டாங்கிளோட வர்ற மாடல் இன்னும் நல்லது, லேப்டாப்பின் சொந்த ப்ளூடூத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனா சில ஆபீஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி வாசலையே பூட்டி வெச்சிருப்பாங்க. வாங்குறதுக்கு முன்னால் ஐடி ஆளைக் கேட்டுடுங்க. ஒரே நேரத்தில் லேப்டாப்போடவும் போனோடவும் இணையுற வசதியும் வேணும்.

போட்டுப் பார்க்காமல் தெரியாத விஷயங்கள் சில உண்டு. கண்ணாடி போடுறவங்களுக்குக் காது மேல கம்பியும் கண்ணாடிக் காம்பும் மோதும். பின்கழுத்தில் வர்ற வளையம் எனக்குப் பின்னலில் சிக்குச்சு. நாற்காலியில் தலையைச் சாய்ச்சா, வளையம் முட்டி ஹெட்செட் முன்னால் தள்ளிக்கிட்டு வரும். அரைமணி போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க, இல்லைன்னா திருப்பி எடுத்துக்கிற இடத்தில் வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் தறி ஓடும்போதே உங்க குரலை ரெக்கார்ட் செஞ்சு, திரும்பப் போட்டுக் கேளுங்க. விளம்பரத்தைவிட அது உண்மை சொல்லும்.

இப்போ அந்த பெக்கேசி விஷயம். 'காதை மூடலை, அதனால் காதுக்குக் கெடுதல் இல்லை' என்று விளம்பரம் சொன்னா நம்பாதீங்க. அதிர்வு போய்ச் சேர்றது அதே நத்தைக்கூட்டுக்குத்தான். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. காது திறந்திருக்கிறதால் வெளிச்சத்தம் உள்ளே வரும், அதை முந்தணும்னு நாம சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவோம். இந்த வகையின் நிஜமான ஆபத்து அங்கேதான் இருக்கு.

அதுக்கு ஒரு வழியும் உண்டு. பஞ்சு மாதிரியான காதடைப்பானைக் காதில் வெச்சுக்கிட்டு, எலும்புவழி ஹெட்செட்டைப் போட்டா, தறிச்சத்தம் அடங்கும், பேச்சு இன்னும் கனமா கேட்கும். முதலில் செஞ்ச முனகல் சோதனையேதான். காதுக்குழாய்ச் சுவரின் அதிர்வு வெளியே தப்பிப் போகாமல் செவிப்பறைக்கே திரும்புது. சத்தத்தையும் குறைச்சு வெச்சுக்கலாம். ஆனா அடைச்சுட்டா மறுபடியும் நான் அந்த ஐப்பசி மத்தியானத்துக்கே போயிடுவேன். அதனால் அப்பா கீழே இருக்கும்போது மட்டும்தான் அடைப்பான்.

அதே மாதிரி, தனியா ஒரு அறையில் இருக்கிறவங்க, ஆபீஸ் இரைச்சலில் உட்கார்ந்து கவனமா வேலை செய்யணும்னு நினைக்கிறவங்க, பாட்டுதான் முக்கியம் என்கிறவங்க இதை வாங்க வேண்டாம். காதை மூடுற ஹெட்போனே போதும். வீட்டில் யாராவது கூப்பிட்டா கேட்கணும் என்கிறவங்களுக்குத்தான் இது.

நான் தண்டு மைக் உள்ள எலும்புவழி ஹெட்செட் ஒண்ணு வாங்கி எட்டு மாசம் ஆச்சு. தறி வேகமா ஓடும்போது ஒண்ணு ரெண்டு வார்த்தை இன்னும் தவறுது, 'திரும்பச் சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிறேன். அப்பா கோர்வைப் புடவை நெய்யும்போது, கரைப்பக்கத்து நாடாவை வாங்க ஆள் வரலைன்னா, 'பாப்பா, மீட்டிங் முடிஞ்சுதா?'ன்னு கீழேருந்து குரல் வரும். முன்னெல்லாம் அது எரிச்சலா இருக்கும். இப்போ மைக்கை அணைச்சுட்டு, 'பத்து நிமிஷம்ப்பா'ன்னு பதில் சொல்றேன்.